குரலால் வாழ்ந்தவர்: கே. எல். சைகல்

உரைநடை – வாழ்க்கை வரலாறு

நுழையும்முன்

ஒருவருக்குப் புகழ் எவ்வாறு வருகிறது என்பதைப் பல பாடங்களில் படித்திருக்கிறோம். வந்த புகழ் தலைமுறைகள் மாறும்போது எவ்வாறு குறைகிறது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் இந்தியாவின் பெரும்பகுதியில் சிறுவர் முதல் முதியவர் வரை அறிந்திருந்த ஒரு பாடகரின் பெயரை இன்றைய மாணவர் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. அப்பாடகரின் வாழ்வையும், அவர் புகழ் மங்கிய வரலாற்றையும், மங்கிய பின்னும் எஞ்சி நிற்பது எது என்பதையும் இப்பாடம் கூறுகிறது.

எட்டு மணிக்கு முன் மூன்று நிமிடம்

1952இல் அகில இந்திய வானொலி திரைப்படப் பாடல்களை ஒலிபரப்புவதை ஏறத்தாழ நிறுத்திக்கொண்டது. பாடல்களை விரும்பிய மக்கள் கொழும்பிலிருந்து ஒலித்த இலங்கை வானொலியின் இந்திச் சேவையை நாடினர். வட இந்திய நகரங்களில் காலை வேளைகளில் வீடுதோறும் அது ஒலித்தது. அதில் பழைய திரைப்பாடல்களுக்கென்று ஒரு நிகழ்ச்சி இருந்தது. எட்டு மணி ஆவதற்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அந்நிகழ்ச்சியின் இறுதிப் பாடல் தொடங்கும். நாள்தோறும் பாடல் மாறினாலும் பாடகர் மாறமாட்டார். அக்குரல் கேட்டதும் எட்டு மணி ஆகப்போகிறது என்று அறிந்து, பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் செல்வோர் புறப்பட ஆயத்தமாவர்.

அப்பாடகர் அப்போது உயிருடன் இல்லை. அவர் மறைந்த பின் பிறந்த பிள்ளைகளுக்கும் அவர் குரல் காலைக் கடிகாரமாக இருந்தது. அவரே குந்தன்லால் சைகல் என்னும் கே. எல். சைகல் ஆவார்.

ஜம்முவில் ஒரு சிறுவன்

சைகல் 1904ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜம்முவில் பிறந்தார். தந்தையார் அமர்சந்த் சைகல் ஜம்மு காஷ்மீர் அரசில் தாசில்தாராகப் பணியாற்றியவர். தாயார் கேசர்பாய் இறைப்பற்று மிக்கவர். இசையில் ஈடுபாடு உடையவர். பஜனைகளும் கீர்த்தனைகளும் நடக்கும் இடங்களுக்கெல்லாம் அவர் தம் மகனை உடன் அழைத்துச் செல்வார். ஆண்டுதோறும் நடைபெறும் இராமலீலை நாடகத்தில் சிறுவன் குந்தன் சீதை வேடமிட்டு நடிப்பதும் பாடுவதும் உண்டு.

பள்ளிப் படிப்பில் சைகலின் மனம் நிலைக்கவில்லை. இசையையும் அவர் ஓர் ஆசிரியரிடம் முறையாக அமர்ந்து கற்றதில்லை. கோயில் வாசலிலும் தெருவிலும், சூஃபி அன்பர்கள் கூடிப் பாடும் இடங்களிலும் கேட்டுக் கேட்டே அவர் கற்றார். இளமைப் பருவத்தில் குரல் உடைந்தபோது, இனித் தம்மால் பாட இயலாதோ என்று அஞ்சிச் சிறுவன் பேச்சையே குறைத்துக்கொண்டான் என்றும், சூஃபி பெரியவர் ஒருவரிடம் சென்று தேறுதலும் பயிற்சியும் பெற்றுப் பின்னர் மீண்டும் பாடத் தொடங்கினான் என்றும் அவர் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அவர் குரலில் பின்னாளில் கேட்ட அடக்கத்திற்கு அந்த நாள்களே தொடக்கமாக இருந்திருக்கலாம்.

ஊர் ஊராகச் சென்ற விற்பனையாளர்

படிப்பை இடையில் நிறுத்திய சைகல் பிழைப்புக்காகப் பல வேலைகள் பார்த்தார். சிறிது காலம் இரயில்வேயில் நேரம் குறிக்கும் பணியில் இருந்தார். பின்னர் ரெமிங்டன் தட்டச்சுப் பொறி நிறுவனத்தின் விற்பனையாளராகச் சேர்ந்து இந்தியாவின் பல பகுதிகளுக்கும் சென்றார். புதிய ஊரில் பகல் முழுவதும் அலுவலகப் படிகளில் ஏறி இறங்குவார். மாலையில் நண்பர் கூட்டத்தில் பாடுவார். அவருக்கு வருமானம் தந்தது தட்டச்சுப் பொறி. நண்பர்களைத் தந்தது பாட்டு.

தந்தையோ தாயோ அடிக்கடி பணிமாற்றம் பெறுவதால் ஊர்விட்டு ஊர் செல்லும் மாணவர்கள் இவ்வகுப்பில் பலர் இருப்பீர்கள். புதிய ஊர், புதிய மொழி, புதிய முகங்கள் என்னும் அனுபவம் உங்களுக்கு நன்கு தெரியும். சைகல் அவ்வாழ்க்கையைச் சுமையாகக் கொள்ளவில்லை. சென்ற இடத்து மொழியையும் பாட்டையும் கேட்டுத் தமதாக்கிக்கொண்டார். அப்பழக்கமே பின்னாளில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

கல்கத்தா தந்த வாழ்வு

பயணங்களின் முடிவில் சைகல் கல்கத்தாவை அடைந்தார். அது இந்தியத் திரைப்படம் பேசத் தொடங்கியிருந்த காலம். முதல் இந்தியப் பேசும்படம் 1931இல் வெளிவந்தது. படம் பேசியதும் நடிகர்கள் பாடவும் வேண்டியதாயிற்று. கல்கத்தாவில் பி. என். சர்க்கார் நிறுவிய நியூ தியேட்டர்ஸ் என்னும் படநிறுவனம் நல்ல குரல்களைத் தேடிக்கொண்டிருந்தது. அங்கு இசையமைப்பாளராக இருந்த ஆர். சி. போரால் சைகலின் பாட்டைக் கேட்டு அவரை நிறுவனத்தில் சேர்த்தார். மாதச் சம்பளம் 200 ரூபாய்.

1932இல் சைகல் நடித்த மூன்று படங்கள் வெளிவந்தன. அவை அவருக்குப் பெரும்புகழ் தரவில்லை. 1933இல் வந்த பூரண் பகத் என்னும் படத்தில் அவர் பாடிய பஜனைப் பாடல்கள் மக்களைக் கவர்ந்தன. 1934இல் சண்டிதாஸ் படம் அவரை முன்னணி நடிகராக்கியது. அதே காலத்தில் அவர் பாடிய இசைத்தட்டுகளும் விற்பனையாயின.

உரக்கப் பாடாத பாடகர்

சைகலின் பாட்டில் இருந்த புதுமை யாது? அதை அறிய அதற்கு முன் இருந்த நிலையை அறிய வேண்டும். நாடகமேடைப் பாடகர்களுக்கு ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி உச்சக் குரலில் அவர்கள் பாட வேண்டியிருந்தது. உரக்கப் பாடுவதே நன்றாகப் பாடுவது என்று மக்களும் கருதினர். அவ்வாறு பாடும்போது வீரமும் பக்தியும் வெளிப்படும். ஆனால், ஒருவர் மற்றொருவரிடம் மட்டும் சொல்லக்கூடிய காதலையும், தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் துயரத்தையும் உச்சக் குரலில் சொல்வது எவ்வாறு?

பேசும்படத்துடன் ஒலிவாங்கி வந்தது. அதன் முன் நின்று உரக்கப் பாடத் தேவையில்லை என்பதைச் சைகல் விரைவில் உணர்ந்துகொண்டார். அருகில் அமர்ந்திருக்கும் ஒருவரிடம் பேசுவது போன்ற தாழ்ந்த குரலில் அவர் பாடினார். சொற்களைத் தெளிவாக உச்சரித்தார். கஜல் பாடும்போது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே சற்று நின்று, பொருள் கேட்பவர் மனத்தில் சேர இடம் கொடுத்தார். கொட்டகையில் ஆயிரம் பேர் இருந்தாலும் ஒவ்வொருவரும் அப்பாட்டு தமக்காகவே பாடப்படுகிறது என்று எண்ணினர்.

தேவதாஸ்

சரத்சந்திர சட்டோபாத்யாயர் எழுதிய தேவதாஸ் என்னும் வங்காளப் புதினத்தை 1935இல் நியூ தியேட்டர்ஸ் படமாக்கியது. இயக்கியவர் பி. சி. பருவா. வங்காளப் படத்தில் பருவாவே நாயகனாக நடித்தார். இந்திப் படத்தில் அவ்வேடம் சைகலுக்குக் கிடைத்தது. காதலில் தோற்று, மதுவில் மூழ்கி, காதலியின் வீட்டு வாசலில் உயிர்விடும் இளைஞனின் கதை அது. சைகலின் தாழ்ந்த, துயரம் தோய்ந்த குரல் அவ்வேடத்திற்கு முற்றிலும் பொருந்தியது. வட இந்திய இளைஞர்கள் அவரைப் போலவே தலைவாரினர். அவரைப் போலவே மெல்லப் பேசினர். அவர் பாடல்களை முணுமுணுத்துக்கொண்டு நடந்தனர்.

அதே கதை தமிழிலும் படமாயிற்று. 1930களில் வெளிவந்த தமிழ் தேவதாஸ் படத்துக்காகச் சைகல் இரண்டு பாடல்களைத் தமிழிலேயே பாடினார். ஜம்முவில் பிறந்து, பஞ்சாபி பேசும் குடும்பத்தில் வளர்ந்து, வங்காளத்தில் வாழ்ந்த ஒருவர் நம் மொழியின் ஒலிகளைக் கேட்டுப் பழகிப் பாடினார் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்க செய்தியாகும்.

வங்காள மொழியையோ அவர் நன்கு கற்றார். ஏழு வங்காளப் படங்களில் நடித்தார். இரவீந்திரநாத் தாகூரின் பாடல்களை வங்காளியல்லாத ஒருவர் பாடுவதை எளிதில் ஏற்காத காலம் அது. சைகல் பாடக் கேட்ட தாகூர் தம் பாடல்களைப் பாட அவருக்கு இசைவளித்தார் என்பர்.

தெருவில் நடந்து பாடிய பாட்டு

1935இல் நியூ தியேட்டர்ஸ் படமொன்றின் வாயிலாகவே இந்தித் திரையுலகிற்குப் பின்னணிப் பாடல் முறை அறிமுகமாயிற்று. பாடலை முன்கூட்டியே பதிவுசெய்துகொண்டு, படப்பிடிப்பின்போது அதற்கேற்ப வாயசைப்பதே அம்முறை. 1938இல் ஸ்ட்ரீட் சிங்கர் என்னும் படம் உருவானபோது அம்முறை பரவிவிட்டது. எனினும் அப்படத்தின் முக்கியமான ஒரு பாடலைச் சைகல் படப்பிடிப்பின்போதே நேரில் பாடினார். அவர் தெருவில் பாடிக்கொண்டே நடக்க, படக்கருவிக்குள் அகப்படாமல் ஒலிவாங்கியும் இசைக் கலைஞர்களும் அவரைப் பின்தொடர்ந்தனர்.

அப்பாடல் அயோத்தி என்னும் அவத் நாட்டின் கடைசி நவாபாகிய வாஜித் அலி ஷா இயற்றியதாகக் கூறப்படும் தும்ரி ஆகும். 1856இல் ஆங்கிலேயர் அவருடைய நாட்டைப் பறித்தனர். அவர் இலக்னோவை விட்டுக் கல்கத்தாவுக்குச் செல்ல நேர்ந்தது. பிறந்த வீட்டை விட்டுப் பிரியும் மணப்பெண்ணின் துயரமாக அவர் தம் துயரத்தைப் பாடினார். எண்பது ஆண்டுகளுக்குப் பின், தம் ஊரைவிட்டு அதே கல்கத்தாவில் வந்து வாழ்ந்த சைகல் அதைப் பாடினார். நடையின் அசைவும் மூச்சின் இளைப்பும் கலந்த அந்தப் பாடல் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. ஊரைப் பிரிந்தவர் எவராயினும் மொழி புரியாமலே அதன் பொருளை உணர்வர்.

பம்பாயும் மதுவும்

1941இன் இறுதியில் சைகல் பம்பாய்க்குச் சென்றார். பக்த சூர்தாஸ் (1942), தான்சேன் (1943) ஆகிய படங்கள் பெரும் வெற்றி பெற்றன. அக்காலத்து நடிகர்களுள் மிக உயர்ந்த இடத்தில் அவர் இருந்தார். ஆனால் அவருடைய உடல் நலிந்துகொண்டிருந்தது. மது அவரைப் பற்றிக்கொண்டது. மது அருந்தினால்தான் தம்மால் நன்றாகப் பாட முடியும் என்று அவர் நம்பத் தொடங்கினார். திரையில் நடித்த தேவதாஸின் கதை அவர் வாழ்விலும் நடந்தது.

இசையமைப்பாளர் நௌஷாத் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஷாஜகான் (1946) படத்திற்குப் பாடல் பதிவு நடந்தது. வழக்கம்போல் மது அருந்தியபின் பாட சைகல் விரும்பினார். ஒருமுறை அருந்தாமல் பாடிப் பார்க்கும்படி நௌஷாத் கேட்டுக்கொண்டார். சைகல் தயக்கத்துடன் பாடினார். பின்னர் அதே பாடலை மது அருந்தியபின் மீண்டும் பாடினார். இரண்டு பதிவுகளையும் போட்டுக் கேட்டபோது, எது எப்போது பாடியது என்று அறியாமலே, மது அருந்தாமல் பாடியதையே சிறந்தது என்று அவர் தேர்ந்தெடுத்தார். உண்மையை அறிந்ததும் அவர் மனம் வருந்தினார். நௌஷாதைச் சில ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்திருக்கலாமே என்று அவர் ஏங்கினாராம்.

தம் திறமை தமக்குள்ளேயே இருந்தது என்பதை அவர் அறிந்துகொண்டபோது காலம் கடந்துவிட்டது. உடல்நலம் குன்றிய சைகல் தம் குடும்பத்தார் வாழ்ந்த ஜலந்தர் நகருக்குச் சென்றார். 1947 சனவரி 18 அன்று அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 42. நாடு விடுதலை பெற ஏழு மாதங்கள் இருந்தன.

குரலைப் பின்பற்றியவர்கள்

திரையுலகில் அவர் இருந்தது பதினைந்து ஆண்டுகளே. நடித்த படங்கள் 36. பதிவுசெய்த பாடல்கள் ஏறத்தாழ 185. இன்றைய பாடகர் ஒருவர் சில ஆண்டுகளிலேயே பாடிவிடக்கூடிய எண்ணிக்கை இது. ஆயினும் அவருக்குப் பின் வந்த பாடகர் பலர் அவரைக் கேட்டே பாடக் கற்றனர்.

1945இல் முகேஷ் என்னும் இளம்பாடகர் ஒரு படத்திற்குப் பாடிய பாடல் புகழ்பெற்றது. அது சைகல் பாடியது என்றே பலரும் எண்ணினர். அதைக் கேட்ட சைகலே தாம் எப்போது இதைப் பாடினோம் என்று வியந்ததாகக் கூறுவர். கிஷோர்குமாரும் தொடக்கத்தில் சைகலைப் பின்பற்றியே பாடினார். பின்னர் இருவரும் தத்தமக்கெனத் தனிவழி கண்டனர். லதா மங்கேஷ்கர் இளமையில் ஆசையுடன் ஒரு வானொலிப் பெட்டி வாங்கினாராம். அதில் அவர் கேட்ட முதற்செய்தியே சைகலின் மறைவு என்றும், அதன்பின் அப்பெட்டியை வைத்துக்கொள்ள மனமின்றிக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றும் கூறப்படுகிறது.

புகழ் மங்கிய வரலாறு

சைகலின் புகழ் ஒரே நாளில் மறையவில்லை. அதற்குக் காரணங்கள் பல.

முதலாவது காரணம், திரைப்படத் தொழில் மாறியது. தமிழ்நாட்டில் எம். கே. தியாகராஜ பாகவதர் தாமே நடித்துத் தாமே பாடியதைப் போல, வடக்கில் சைகலும் நடித்துப் பாடினார். பின்னணிப் பாடல் முறை நிலைபெற்றதும் நடிப்பவர் வேறு, பாடுபவர் வேறு என்றாயிற்று. பாடி நடிக்கும் கலைஞர்களின் காலம் முடிந்தது.

இரண்டாவது காரணம், கருவிகள் மாறின. சைகலின் பாடல்கள் அரக்கு கலந்த பழைய இசைத்தட்டுகளில் பதிவானவை. அவற்றின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். கைதவறி விழுந்தால் உடைந்துவிடும். மிகத் தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் அக்காலக் கருவிகளால் முழுமையாகப் பதிவுசெய்ய இயலவில்லை. நாம் இன்று கேட்பது சைகல் குரலின் ஒரு பகுதியையே. அவருடைய தொடக்ககாலப் படங்கள் சில இன்று பார்க்கவும் கிடைப்பதில்லை.

மூன்றாவது காரணம், சுவை மாறியது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கென ஒரு தேவதாஸை உருவாக்கிக்கொண்டது. 1953இல் தமிழிலும் தெலுங்கிலும் நாகேஸ்வரராவ் தேவதாஸாக நடித்தார்; கண்டசாலா பாடினார். 1955இல் இந்தியில் திலீப்குமார் நடித்தார். அதை இயக்கிய பிமல் ராய், சைகல் நடித்த படத்தின் ஒளிப்பதிவாளர் ஆவார். 2002இல் ஷாருக்கான் நடித்தார். புதிய தேவதாஸ் வரும்போதெல்லாம் பழைய தேவதாஸ் ஓரடி பின்னால் சென்றார்.

இவ்வாறு, சைகல் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்ட தலைமுறை ஒன்று இருந்தது. அதற்கு அடுத்த தலைமுறை அவரைக் காலை வானொலியில் கேட்டது. அதற்கும் அடுத்த தலைமுறை, மூக்கொலி கலந்த அவர் குரலைப் பள்ளி விழாக்களில் நடித்துக்காட்டிச் சிரித்தது. அதற்குப் பின் வந்தவர்க்கு நடித்துக்காட்டவும் அவரைத் தெரியவில்லை. ஒரு கலைஞரைக் கண்டு சிரிப்பவர்க்கும் அவரைத் தெரிந்திருக்கிறது. மறதி அதற்கும் அப்பால் உள்ளது.

எஞ்சி நிற்பது

சைகல் நினைவைப் போற்றும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. இந்திய அஞ்சல் துறை 1995இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. ஜலந்தரில் அவர் பெயரில் நினைவு மண்டபம் ஒன்று உள்ளது. ஆயினும் அஞ்சல்தலையும் மண்டபமும் பெயரைக் காக்குமே அன்றிப் பாட்டைக் காக்க இயலாது.

அப்படியானால் அவர் பாட்டு அழிந்துவிட்டதா? இன்று எந்த மொழியிலேனும் ஒரு காதல் பாடலைக் கேட்டுப் பாருங்கள். பாடுபவர் நம் காதருகில் பேசுவது போலப் பாடுகிறார். சில இடங்களில் மூச்சொலியும் கேட்கிறது. இது நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. வேறு எவ்வாறு பாடுவது என்றுகூட நாம் கேட்கலாம். ஆனால் வேறு விதமாகவே எல்லோரும் பாடிய காலம் ஒன்று இருந்தது. அவ்வழக்கத்தை மாற்றிய முன்னோடிகளுள் சைகல் முதன்மையானவர். அவர் கண்ட வழியில் எல்லோரும் நடந்ததால் அது பொதுவழியாயிற்று. பொதுவழியில் நடப்பவர் அதை முதலில் வகுத்தவரின் பெயரைக் கேட்பதில்லை.

புகழ் என்பது பெயரைப் பற்றியது. பயன் என்பது செயலைப் பற்றியது. சைகலின் பெயர் குறைந்துவருகிறது. அவர் செயல் குறையவில்லை. எனினும் பெயரை மறப்பது தவறில்லை என்று நாம் இருந்துவிடலாகாது. ஒரு பயனை நுகர்கிறவர் அதைத் தந்தவரை அறிந்துகொள்வது நன்றி. செய்ந்நன்றி மறவாமை கலைக்கும் உரிய அறமே ஆகும்.

மாணவர்களே, சைகலின் பாடல் ஒன்றைத் தேடிக் கேளுங்கள். முதன்முறை கேட்கும்போது அது மெதுவாகச் செல்வதாகத் தோன்றும், சிரிப்பும் வரலாம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் முறை கேளுங்கள். மூன்று நிமிடம் போதும். ஒரு காலத்தில் ஒரு நாடு நாள்தோறும் அவருக்கு அளித்த நேரம் அவ்வளவே.

தெரிந்து தெளிவோம்

1904 – ஜம்முவில் பிறப்பு
1932 – முதல் திரைப்படங்கள்
1935 – தேவதாஸ்
1938 – ஸ்ட்ரீட் சிங்கர்
1941 – பம்பாய்க்குச் செல்லுதல்
1943 – தான்சேன்
1947 – ஜலந்தரில் மறைவு
1995 – அஞ்சல்தலை வெளியீடு

சொற்பொருள்

தாசில்தார் – வட்டாட்சியர்
ஒலிவாங்கி – குரலை வாங்கி மின்னலையாக மாற்றும் கருவி, மைக்
கஜல் – உருது, பாரசீக மொழிகளில் காதலைப் பாடும் கவிதை வகை
தும்ரி – இந்துஸ்தானி இசையில் உணர்ச்சிக்கு முதன்மை தரும் பாடல் வகை
அரக்கு – மரங்களில் வாழும் ஒருவகைப் பூச்சியிடமிருந்து கிடைக்கும் பிசின் போன்ற பொருள்
இசைவு – சம்மதம்
நலிதல் – வலிமை குறைதல்
நுகர்தல் – அனுபவித்தல்

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. சைகல் விற்பனையாளராகப் பணியாற்றியபோது விற்ற பொருள்
(அ) இசைத்தட்டு (ஆ) வானொலிப் பெட்டி (இ) தட்டச்சுப் பொறி (ஈ) கடிகாரம்

2. சைகலை நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தில் சேர்த்தவர்
(அ) நௌஷாத் (ஆ) ஆர். சி. போரால் (இ) பிமல் ராய் (ஈ) முகேஷ்

3. மங்கிய – இச்சொல்லின் எதிர்ச்சொல்
(அ) ஒளிர்ந்த (ஆ) மறைந்த (இ) குறைந்த (ஈ) தேய்ந்த

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. இலங்கை வானொலியில் சைகலின் பாடல் எப்போது ஒலித்தது?
2. சைகல் இசையைக் கற்ற இடங்கள் யாவை?
3. சைகலுக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பு யாது?
4. ஸ்ட்ரீட் சிங்கர் படத்தின் பாடல் எவ்வாறு பதிவுசெய்யப்பட்டது?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. நாடகமேடைப் பாடகரின் பாட்டுக்கும் சைகலின் பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. ஷாஜகான் படப் பாடல் பதிவின்போது நிகழ்ந்ததைக் கூறி, அதிலிருந்து நீ அறிவது யாது என எழுதுக.

ஈ. ஒரு பக்க அளவில் விடை எழுதுக.

1. சைகலின் புகழ் மங்கியதற்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக.
2. பெயர் மறைந்தாலும் செயல் நிலைக்கும் என்னும் கருத்தை உனக்குத் தெரிந்த மற்றொருவர் வாழ்வைக் கொண்டு நிறுவுக.

உ. மொழிப்பயிற்சி

1. பிரித்து எழுதுக: இசைத்தட்டு, ஒலிவாங்கி, பொதுவழி, தனிவழி.
2. தன்வினையைப் பிறவினையாக மாற்றுக: படித்தான், நடந்தாள், திருந்தினர்.
3. சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக: இசைவு, பொருந்தியது, ஆயத்தமாதல்.

ஊ. செயல்பாடு

உன் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள முதியவர் ஒருவரிடம், அவர் இளமையில் விரும்பிக் கேட்ட பாடகர் யார் என்று கேட்டறிக. அவர் வேற்றுமொழியினராயினும் கேட்கலாம். அப்பாடகரின் பாடல் ஒன்றை அவருடன் அமர்ந்து கேட்டபின், அவர் கூறியவற்றை உன் சொற்களில் பத்துத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.